குருநாகலுக்கு இடமாற்றம்

என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லி ஒரு கடிதமும் வரவில்லை. வந்தது பதவி உயர்வுக் கடிதம். கல்முனைக் கிளையில் பத்தொன்பது வருஷம் உதவியாளராக இருந்த என்னைக் குருநாகல் கிளைக்கு மெனேஜராக நியமித்திருப்பதாகவும், அடுத்த மாதம் முதலாம் திகதி அங்கே பொறுப்பெடுக்க வேண்டும் என்றும், தங்குவதற்கு அந்தக் கிளைக் கந்தோருக்கு மேலேயே இரண்டு அறை உண்டு என்றும் அதில் எழுதியிருந்தது. கடைசியில் வாழ்த்தும் இருந்தது. அந்தக் கடிதத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் கந்தோரைக் கூட்டித் துடைக்கிற மனுசிக்கும் தெரியும். 'நீ போய்விடு' என்பதை எங்கள் கம்பனி அப்படித்தான் சொல்லும்.

எங்களுடையது பார்சல் கம்பனி. கொழும்பிலே பெரிய கட்டடம், நாடு முழுக்கக் கிளை. சுனாமி அடித்ததற்கு அடுத்த வருஷம் கல்முனையில் கிளை திறந்தார்கள். அந்த நேரம் எங்கள் கரையோரம் முழுக்க வெளிநாட்டு உதவி நிறுவனங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் தினமும் கொழும்புக்குக் கடிதக் கட்டுப் போகும், அங்கிருந்து வரும். எனக்கு வயது இருபத்திரண்டு. உயர்தரம் எழுதி, கொம்பியூட்டர் வகுப்பு ஒன்றும் முடித்து, கலியாணமும் முடித்திருந்தேன். சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையிலிருந்து கம்பனி வேலைக்கென்று பஸ் ஏறிய முதல் பெண் நான்தான். 'எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்' என்று சொன்னவர்கள் பலர். அவர்களுடைய பார்சல்களையும் பிறகு நான்தான் தேடிக் கொடுத்தேன்.

உதவி நிறுவனங்கள் மூட்டை கட்டிப் போன பிறகு கடிதக் கட்டு குறைந்து சாமான் கூடியது. மருதமுனையிலிருந்து நெசவுச் சாரன் பொதிகள் வெளியே போகும். சம்மாந்துறைக்கு டிராக்டர் உதிரிப்பாகம் உள்ளே வரும், விதைப்புக் காலமும் அறுவடைக் காலமும் வந்தால் அதுவே ஒரு லொறி. பிறகு எல்லாரும் போனிலேயே சாமான் வாங்கத் தொடங்கினார்கள். அபாயா, சப்பாத்து, மிக்ஸி, பால் போத்தல், என்னென்னவோ வந்து குவிந்தன.

இதில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு பிழை உண்டு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். வீடு பெண்ணுடையது, உம்மா வாப்பா கட்டிக் கொடுப்பது. ஆனால் அவருடைய அடையாள அட்டையில் பிறந்து வளர்ந்த வீட்டு விலாசம்தான் கிடக்கும். அதை மாற்ற ஒருத்தருக்கும் நேரம் வாய்க்காது. போனில் சாமான் கேட்கும்போது அட்டையைப் பார்த்து அந்த விலாசத்தையே அடித்துவிடுவார்கள். ஆள் கல்முனைக்குடியில் மனைவி வீட்டில் இருந்து தேநீர் குடிப்பார், பார்சல் மருதமுனையில் உம்மா வீட்டு வாசல் படலையில் நிற்கும். வெளியூரிலிருந்து வரும் ஒவ்வொரு மெனேஜரும் இதில் தலையைப் பிய்த்துக்கொள்வார். விலாசம் சரி, வீடும் சரி, ஆள் மட்டும் இல்லை. எனக்கு ஒரு கேள்வி போதும். உம்மா வீட்டுக்குப் போன் எடுத்து, மகன் எங்கே கலியாணம் முடித்திருக்கிறார் என்று கேட்பேன். அரை மணித்தியாலத்தில் பார்சல் கைக்குப் போய்விடும்.

வரிப்பத்தான்சேனைக்கு அறுவடை நாட்களில் காலையில் பார்சல் கொண்டுபோகிற ரைடரை அனுப்பினால் வீண். வீடு பூட்டியிருக்கும், சனமெல்லாம் வயலில். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அனுப்ப வேண்டும். சொறிக்கல்முனையில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், யாருடைய மகன் என்று சொல்லி அனுப்ப வேண்டும். இதையெல்லாம் யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. ஒரே இடத்தில் இருந்தேன், தெரிந்துகொண்டேன்.

அந்தப் பத்தொன்பது வருஷத்தில் எனக்கு மேலே பதினொரு மெனேஜர்கள் வந்து போனார்கள். முதலாமவர் கம்பனியில் பொதி பிரிக்கிற வேலையில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். எங்களுடன் ஐந்து வருஷம் இருந்தார், அதற்குப் பிறகு கிழக்கு மாகாணத்துக்கே பொறுப்பானார். கீழே நுழைந்தவர் மேலே போய் மரியாதையாக ஓய்வெடுப்பது அப்போது நடக்கிற காரியம். பொறுமையாக இரு, இந்தக் கதிரைக்கு அடுத்து வரப்போவது நீதான் என்று அவர் என்னிடம் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். மாலை போட்டு அவரை அனுப்பி வைத்தோம், அவர் கொடுத்த வாக்கும் அவரோடு ஓய்வு பெற்றுக்கொண்டது. அவருக்குப் பின் வந்தவரிடம் நான் அதைச் சொன்னபோது, அப்படி ஒரு தாளும் இங்கே இல்லையே என்றார்.

அவருக்குப் பிறகு வந்தவர்கள் நின்ற காலம் வரவரச் சுருங்கியது. மூன்று வருஷம், இரண்டு வருஷம், கடைசியில் எட்டு மாதம். பட்டம் முடித்தவர்கள்தான் மெனேஜராகலாம் என்று ஒரு சட்டம் வந்தது. வந்த பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். முதல் மூன்று மாதம் என்னிடம் வேலை பழகுவார்கள், அடுத்த மூன்று மாதம் எனக்கு வேலை சொல்லுவார்கள், பிறகு வேறு கம்பனியில் இதைவிட நல்ல இடம் கிடைத்ததென்று கேக் வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்தவர் வரும்வரை நான் பதில் மெனேஜர். சாவி, கையெழுத்து, ஏச்சு எல்லாம் எனக்கு. பதவி மட்டும் கிடையாது. அந்த இடைவெளிகளை ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட நாலு வருஷம் நான்தான் அந்தக் கிளையை நடத்தியிருக்கிறேன்.

ரைடர்களோ பதினொரு மாத ஒப்பந்தக்காரர்கள். பன்னிரண்டாவது மாதம் வந்தால் நிரந்தரமாக்க வேண்டுமே என்று பதினொன்றோடு வெட்டி, புதிதாக எழுதுவார்கள். அப்படி இரண்டு முறை எழுதியவன் மூன்றாவது முறை கட்டாரில் இருப்பான். நாட்டில் பெற்றோல் வரிசை வந்த வருஷம் ஒரே மாதத்தில் ஐந்து பேர் பாஸ்போட்டுக்குப் போட்டுவிட்டு என்னிடமே வந்து லீவு கேட்டார்கள். மூன்று வருஷத்தில் நாலு கம்பனி மாறி எங்களிடம் வந்த ஒரு பிள்ளை என்னைப் பகிடி பண்ணுவாள்: ராத்தா, இந்தக் கதிரைக்கும் ஒங்களுக்கும் வேர் ஒட்டிப்போச்சு, பிடுங்கத்தான் வேணும் என்று. நானும் சிரிப்பேன். அவள் சொன்னதில் பொய்யில்லை. மாறி மாறிப் போனவர்களெல்லாம் என்னைவிட மேலேதான் இருந்தார்கள். இருந்த இடத்திலேயே இருந்தவளுக்குக் கிடைத்தது ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒரு நினைவுக் கேடயம். இரண்டாவது வருவதற்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் கொழும்பில் இருந்தவர்களுக்குப் பழைய ஆட்கள் பாரம் என்று பட்டது. பழைய ஆளின் சம்பளத்தில் இரண்டு புதியவர்களை வைக்கலாம். நிரந்தர ஆட்களைச் சும்மா நிற்பாட்டச் சட்டம் விடாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பதவி உயர்வு கொடுத்துத் தூரத்துக்கு மாற்றுவது. ஏற்றுக்கொள்ள முடியாதவர் தானாகவே விலகல் கடிதம் எழுதுவார். யாரும் யாரையும் துரத்தியதாகவும் இருக்காது.

எங்கள் கிளையில் அதை முதலில் வாங்கியவர் லொறிகளைப் பொறுப்பெடுத்து அனுப்பிய, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற ஒருவர். பதினாலு வருஷ ஆள். மாத்தறைக்குப் போகச் சொன்னார்கள். மாளிகைக்காட்டில் மனைவி வீட்டில் இருப்பவர். மனைவிக்கு இரண்டு பக்கமும் தங்கச்சிமாரின் வீடு, ஒரே வளவு. அந்த வளவிலிருந்து மனைவியைப் பிரித்து இழுத்துக்கொண்டு மாத்தறைக்குப் போக அவருக்கு மனமில்லை, மனைவியை விட்டுத் தனியே போகவும் மனமில்லை. எங்கள் ஊர் ஆண்களுக்கு இதுதான் பிடி என்று கொழும்புக்கு யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கிழமைக்குள் விலகிவிட்டார். அவருடைய விலகல் கடிதத்தை நான்தான் தட்டிக் கொடுத்தேன். தட்டும்போது எனக்குக் கண் கலங்கியது, அவர்தான் என்னைத் தேற்றினார்.

அவருக்கு அடுத்ததாக என் முறை. ஆணுக்கே அந்தப் பிடி என்றால் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்கள். வீடே அவளுடையது. உம்மா வீட்டில், தங்கச்சி பக்கத்து வீட்டில். முக்காடு போட்ட கல்முனைப் பெண் குருநாகலுக்குப் போய்க் கந்தோருக்கு மேலே இரண்டு அறையில் இருப்பாளா? கடிதம் வந்த அன்றே எச்.ஆர். பிரிவிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். குரலில் தேன் வடிந்தது. உங்கள் நிலைமை எங்களுக்கு விளங்கும் மிஸ், ஒன்றும் அவசரமில்லை, உங்களுக்குக் கஷ்டமில்லாமல் ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பியிருக்கிறேன் என்றார். திறந்து பார்த்தேன். 'எனது குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கிய விலகல் கடிதம். என் பெயரையும் போட்டிருந்தார்கள். கையெழுத்து மட்டும்தான் குறை.

எனக்கு முதலில் வந்தது அழுகை. இரண்டாவதாக வந்த ஆத்திரம் அதைவிடப் பெரியது. அவர்கள் செய்கிற காரியத்துக்கு என் புருஷனையும் உம்மாவையும் காரணமாக எழுதி, அதன் கீழே என்னையே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். வேலை போனாலும் பரவாயில்லை, அந்த வரியின் கீழே என் கையெழுத்து விழாது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். ஆனால் கையெழுத்துப் போடாவிட்டால் குருநாகலுக்குப் போக வேண்டும். அதற்கு என்ன வழி என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இவர், என் புருஷன், முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தார். இவர் டெய்லர். பள்ளிக்கூட உடுப்பும் அபாயாவும் தைப்பார். மகள் கல்விக் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், ஆகவே வீட்டில் பகலில் மெஷின் சத்தமும் உம்மாவின் வானொலியும்தான். கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். கொலர் ஒன்று பாதியில் நின்றது. அதை முடித்துவிட்டுத்தான் வாசித்தார். பிறகு, அங்கே கரண்ட் ஒழுங்காக இருக்குமா என்று கேட்டார். அந்த நேரத்தில் அது ஒரு கேள்வியா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

உம்மாவுக்கு விஷயம் விளங்கியதும் வானொலியை நிற்பாட்டிவிட்டார். உம்மா சத்தம் போடுகிறவர் அல்ல. தலையில் கை வைத்துக்கொண்டு, பெண்பிள்ளை தன் வீட்டைப் பூட்டிப்போட்டு வேறு ஊருக்குப் போய் இருப்பதா, நாளைக்கு மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வரும்போது பூட்டிக் கிடக்கிற வீட்டையா காட்டுவது, புருஷன் என்ன செய்வார், சனம் என்ன கதைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். உம்மா சொன்னதில் பாதி என் மனதிலும் இருந்தது.

இவரும் உம்மாவும் நேருக்கு நேர் கதைப்பது அபூர்வம். மாமியாருக்கு முன்னால் மருமகன் அதிகம் வாய் திறப்பது எங்களிடம் வழக்கமில்லை. எது தேவையென்றாலும் என் வழியாகத்தான் போகும் வரும். இருபது வருஷத்தில் நேராகச் சொன்னதைக் கூட்டினால் ஒரு பக்கம் தேறாது. அன்றைக்கு எழும்பி வந்து, உள்ளறை வாசலில் நின்றார்.

"மாமி, கலியாணம் முடிச்சா பொண்டாட்டிட ஊட்டுக்கு மாப்பிளதானே போற? அதுதானே நம்மட வழக்கம். மருதமுனையிலரிந்து மெஷினத் தூக்கிக்கிட்டு இஞ்ச வந்தன். இப்ப ஒங்கட மகளுக்கு குருநாகல்ல ஊடு கிடைச்சிருக்கு. மெஷினத் தூக்கிக்கிட்டு அங்க போறன். இதுல என்ன புதினம்?"

உம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் வழக்கத்தை வைத்துத்தான் எங்களைக் கட்டிப்போடலாம் என்று கொழும்பில் கணக்குப் போட்டிருந்தார்கள். அதே வழக்கத்தின் மற்றப் பக்கத்தை இந்த மனுசன் சாதாரணமாக எடுத்துக் காட்டிவிட்டார். பெண் இருக்கும் இடம் வீடு, ஆண் அங்கே வருவார். உம்மாவால் அதை மறுக்க முடியவில்லை, அவரே வாப்பாவை அப்படித்தான் தன் வீட்டுக்கு எடுத்தவர். தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அப்ப மெஷின நல்லாச் சுத்திக் கட்டிக்கிட்டுப் போங்க மருமகன்" என்றார். வீட்டைத் தங்கச்சி தினமும் திறந்து கூட்டுவது என்றும், உம்மா அவளுடன் சாப்பிடுவது என்றும் அங்கேயே முடிவானது. அந்த மனுசனை அன்றைக்கு எனக்குப் பிடித்த அளவுக்குக் கலியாணம் முடித்த நாளிலும் பிடிக்கவில்லை என்று எழுத வெட்கமில்லை.

அடுத்த நாள் காலையில் கிழக்கு மாகாண மெனேஜருக்குப் போன் எடுத்தேன். என்ன முடிவு மிஸ் என்று கேட்ட குரலில், என் விலகல் கடிதம் வந்துவிட்ட நிம்மதி ஏற்கெனவே இருந்தது.

"கடிதத்தில் உள்ள திகதிக்கு நான் அங்க இருப்பன் சேர்."

போன் வெட்டுப்பட்டதோ என்று பார்த்தேன், வெட்டுப்படவில்லை. குடும்பத்தில் கதைத்துவிட்டீர்களா என்றார். கதைத்துவிட்டேன் என்றேன். திரும்ப யோசிக்க இரண்டு நாள் தரலாம் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கம்பனியின் பார்சலிலேயே பதிவு செய்து அனுப்பினேன். அதைப் பெற்றுக்கொண்டவர் போட்ட கையெழுத்தின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். என்னைப் பற்றிப் பேச எழும்பிய பிள்ளை வேலைக்குச் சேர்ந்து இருபது நாள். அனுபவம் மிக்கவர், அன்பானவர் என்று எதையோ பார்த்து வாசித்தான். என்னை அவனைவிட அதிகமாகத் தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். மற்றவர்கள் எல்லாரும் எனக்குப் பிறகு வந்து எனக்கு முன்னால் போனவர்களின் இடத்துக்கு வந்தவர்கள். இவருடைய மெஷினும் இரண்டு பெட்டியும் நாங்களும் விடிய வரும் கம்பனி லொறியிலேயே போனோம். மெனேஜரின் சாமானை லொறியில் ஏற்றலாம் என்று விதி இருக்கிறது. விதிகளை என்னைப் போல வாசித்தவர்கள் கம்பனியில் குறைவு.

குருநாகலில் முதல் கிழமை நல்லாயிருக்கவில்லை. கவுண்டருக்கு வந்தவர்கள் மெனேஜரைக் கேட்டார்கள், நான்தான் என்றால் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். மேலே அறையில் வெக்கை. அங்கே கிடைக்கிற மீனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன். இரண்டு நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனாலும் காலையில் அந்தக் கதிரையில் போய் உட்காரும்போது ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். எனக்காகவே போட்டிருந்த கதிரை. யாராவது வரும்வரை என்று இல்லை.

கிளையின் நிலைமை எனக்குப் பழகிய நிலைமைதான். முந்திய மெனேஜர் அலுமாரிச் சாவியோடு போய் ஏழு கிழமை. கையில் சேராத பார்சல்கள் சாக்குச் சாக்காக மூலையில் குவிந்திருந்தன. ஏழு ரைடர்களில் ஒரு வருஷம் கண்டவர் ஒருவரும் இல்லை. சிங்களம் எனக்குப் பிரச்சினையில்லை. பத்தொன்பது வருஷம் தலைமைக் கந்தோரோடு சண்டை பிடித்துப் பழகிய சிங்களம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எந்த ஊர், கலியாணம் முடித்தது எங்கே, யாரை யாரைத் தெரியும் என்று கேட்டேன். ரைடர்களைக் கிழமைக்குக் கிழமை வேறு வேறு பாதையில் போட வேண்டும் என்பது தலைமைக் கந்தோரின் கட்டளை. ஒரே இடத்தில் பழகினால் களவு வரும் என்று எப்போதோ யாரோ பயந்து எழுதியது. நான் அதை நிற்பாட்டினேன். அவரவர் ஊர்ப்பக்கம் அவரவருக்கு. யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை, அந்தப் பக்கத்து மாகாண மெனேஜர் என் முதல் பத்து மாதத்தில் இரண்டு முறை மாறினார், இரண்டாமவர் கிளைக்கு வந்ததே இல்லை.

இரண்டு மாதத்தில் சாக்குகள் இல்லாமல் போயின. சாப்பாடு கொண்டுபோகும் கம்பனி ஒன்றில் சேரப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு ரைடர், ஒரு திங்கட்கிழமை அதைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டேன். இந்தப் பாதையில் எல்லாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அங்கே போனால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். இவரோ மேலே மெஷினைப் போட்டு, முதல் மாதமே பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைக்கத் தொடங்கிவிட்டார். சிங்களத்தில் அவருக்குத் தெரிந்தது அளவுச் சொற்கள் மட்டும். அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு பயம் மட்டும் என்னை விடவில்லை. மெனேஜர் பதவி ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்தம் என்றுதான் கடிதத்தில் இருந்தது. ஆறு மாதம் முடிந்ததும் நிரந்தரக் கடிதம் வர வேண்டும். வரவில்லை. ஏழாவது மாதமும் எட்டாவது மாதமும் வரவில்லை. கல்முனையில் என் இடத்தில் வேறு ஆள். இங்கே நிரந்தரமில்லை. ஒரு நாள் ஒரு மின்னஞ்சல் வந்தால் இரண்டும் இல்லாமல் மெஷினைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதை இவரிடம்கூடச் சொல்லவில்லை. நல்லாத் தூங்குகிற மனுசனை எழுப்பி என்ன செய்ய.

பத்தாவது மாதம் ஒரு காலையில் எச்.ஆர். பிரிவிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். புதிய குரல். பழைய கோப்புகளைத் துப்புரவாக்குகிறோம் மிஸ், உங்கள் கோப்பில் ஒரு வேலை முடிக்காமல் கிடக்கிறது, ஒரு குறிப்பு இருக்கிறது, வாசிக்கட்டுமா என்றாள். வாசியுங்கள் என்றேன். பாவம், தபாலை வாசிப்பது போல வாசித்துவிட்டாள். 'இவர் இடமாற்றத்தை ஏற்கமாட்டார் என எதிர்பார்க்கப்படுகிறது. ஏற்றுக்கொண்டால் ஆறு மாத முடிவில் பெறுபேறு போதாது எனக் காட்டி வேலையிலிருந்து விடுவிக்கவும்.' கடைசிச் சொல்லுக்கு வந்த பிறகுதான் தான் என்ன வாசித்தேன் என்று அவளுக்கு விளங்கியது.

அதை எழுதியது யார் என்று நான்தான் கேட்டேன். எனக்கு மாதிரிக் கடிதம் அனுப்பிய அதே தேன் குரல்காரர். நான் குருநாகலுக்கு வந்து இரண்டாவது மாதம் அவர் வேறு கம்பனிக்குப் போய்விட்டாராம். அவருக்கு மேலே இருந்தவர் குடும்பத்தோடு கனடா. பெறுபேறு போதாது என்று எழுதித் தர வேண்டிய மாகாண மெனேஜரும் இப்போது இல்லை. என்னைத் துரத்தத் திட்டம் போட்டு, திகதியும் குறித்து வைத்துவிட்டு, எல்லாரும் என்னைவிட முதலில் போய்விட்டார்கள். பத்தொன்பது வருஷம் எனக்குத் தந்த வாக்கையெல்லாம் தின்ற அதே மறதி, எனக்கு வைத்த குழியையும் தின்றுவிட்டது. அந்தக் கம்பனியில் இதை நினைவில் வைத்திருக்கிற ஒரே ஆள் நான்தான்.

"அப்ப இதை இப்ப செய்ய வேண்டியது யார்?" என்று கேட்டேன்.

"என்ட பெயர்தான் வருது மிஸ். ஆனா நான் வந்து மூணு மாசம்தான்."

என் கிளையின் பெறுபேறு உங்கள் கொம்பியூட்டரில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றேன். தட்டிப் பார்த்தாள். அந்த மாகாணத்தில் திரும்பிப் போன பார்சல் ஆகக் குறைவு எங்கள் கிளையில். பத்து மாதத்தில் ஒரு ரைடரும் விலகவில்லை. இது சரிதானா மிஸ், கணினியில் பிழையோ தெரியவில்லை, வேறு எந்தக் கிளையிலும் இப்படி இல்லையே என்றாள். சரிதான் என்றேன். போதாது என்று இதற்கு நான் எப்படி எழுதுவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலே இருப்பவரிடம் கேட்டுவிட்டு வருவதாகப் போனை வைத்தாள். அந்த இருபது நிமிஷம் நான் கதிரையில் உட்காரவில்லை. கவுண்டருக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ரைடர் ஒருவர் சுகமில்லையா என்று கேட்டார்.

திரும்ப எடுத்தாள். மேலே இருப்பவர் வந்து இரண்டு மாதம்தானாம். எண்களைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு ஆளை யாராவது விடுவார்களா, நிரந்தரமாக்கு என்று சொல்லிவிட்டாராம். அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னேன். அவள் தயங்கினாள்.

"மிஸ், ஒரு சின்னப் பிரச்சினை. நிரந்தரக் கடிதம் எப்படி எழுதுறதெண்டு எனக்குத் தெரியாது. நான் வந்த நாளிலரிந்து இஞ்ச ஒருத்தருக்கும் அப்படி ஒண்டு போகல்ல."

எனக்குத் தெரியும். முதலாவது மெனேஜரின் காலத்தில் எத்தனையோ பேருக்கு அந்தக் கடிதங்களைத் தட்டியவள் நான்தான். பேனையை எடுக்க வேண்டாம், தட்டுங்கள் என்றேன். சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பதவி, சேர்ந்த திகதி, பரீட்சார்த்த காலம் திருப்தியாக முடிந்தது, இன்று முதல் நிரந்தரம். சேவைக் காலத்தை விட்டுவிட்டாள். இருபது வருஷம் என்று சொல்லிப் போட வைத்தேன். அவளுடைய வயதே கூடிப் போனால் அவ்வளவுதான் இருக்கும். ஒரு இடத்தில் என்னைப் பாராட்டியும் ஒரு வரி சொன்னேன், அதையும் தட்டினாள்.

பின்னேரம் மூன்று மணிக்குக் கடிதம் வந்தது. ஒரு சொல்லும் மாறவில்லை, கீழே கம்பனியின் கையெழுத்து. அச்செடுத்துக்கொண்டு படியேறி மேலே போனேன். இவர் மெஷினை நிற்பாட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை ஆறுதலாக வாசித்தார்.

"வடிவா எழுதியிருக்காங்க" என்றார். "ஆர் எழுதின?"

"நான்தான்" என்றேன்.